இளையவனுக்குப் பதினேழு

— இப்ப மிசின் எத்தினை தரம் கூவினது?

— ரெண்டு தரம், செபநாயகம் அண்ணை. ஒருக்காக் கூவினால் சுகம். ரெண்டு தரம் எண்டால் இரவு எல்லாம் மறந்துபோச்சு எண்டு அர்த்தம்.

— திரையிலையும் அதைத்தான் எழுதியிருக்குது. தனக்குள்ளை என்ன கிடக்குதெண்டு தனக்குத் தெரியாதாம். ஒரு பொத்தானை அமத்தட்டாம். அந்தோனியாரே! இது கொம்பியூட்டரோ, காலமை வெறி முறிஞ்சு எழும்புற ஆளோ?

— வெறிக்காரனுக்குத் தன்ரை வீட்டு வழியாவது தெரியும்.

— உம்மோடை கவனமாத்தான் கதைக்கவேணும், மீனாம்பிகை. உமக்குப் பேரிலை மீன், எனக்குத் தொழிலிலை மீன். ஒத்துப்போவம்.

— நீங்கள் றேடியோ திருத்திற ஆள் எண்டெல்லோ சொன்னவை?

— அது பிறகு. குருநகரிலை பிறந்தவன் முதலிலை கடலுக்குப் போகாமல் இருப்பானே? வள்ளத்து இஞ்சினுக்குப் பக்கத்திலை இருந்து இருந்து காது போட்டுது. காது போன பிறகுதான் றேடியோ திருத்த வெளிக்கிட்டனான். சிரியும், சிரியும். எல்லாரும் அதுக்குச் சிரிக்கிறவை.

— நான் அதுக்குச் சிரிக்கேல்லை. உங்கடை சட்டைப் பொக்கற்றுக்குள்ளை குருவியே வைச்சிருக்கிறியள்? வந்த நேரம் தொட்டுக் கீ... கீ... எண்டு கத்துது.

— அதுதான் என்ரை காது. பெட்டி பொக்கற்றிலை, வயர் காதிலை. குனிஞ்சு வேலை செய்யேக்கை இளகிச் சத்தம் போடும். ஒரு பென்ரோச் பற்றறியிலை ஓடுது.

— பற்றறியோ! இஞ்சை ஒரு ரோச் பற்றறி கண்ணாலை கண்டு எவ்வளவு காலம்? என்னை விடுங்கோ. கண் தெரிஞ்ச ஆக்களும் காணேல்லை.

— எங்கடை கோயில் சுவாமி கொழும்பாலை வரேக்கை நாலு பற்றறியைச் சப்பாத்துக்குள்ளை வைச்சுக் கொண்டுவந்து தந்தவர். பற்றறி கொண்டுவரக்கூடாதெண்டு ஆமிக்காரன் பையைக் கொட்டிப் பாத்தவனாம். சுவாமியின்ரை சப்பாத்தைக் கழட்டச் சொல்ல அவனுக்கும் மனம் வரேல்லை. நான் அதுகளைப் பொன்போலை வைச்சிருக்கிறன். வீட்டிலை காது மிசின் போடுறேல்லை. மனிசி லூர்த்தம்மா என்னைப் பேசுறதைக் கேக்கப் பற்றறியைச் செலவழிக்கேலுமே?

— பாவம் அவ. சுவரோடை கதைக்கிற மாதிரி.

— சுவர் தலையாட்டாது. நான் ஆட்டுவன். வேலைக்கு வந்தால் போடுவன், பூசைக்குப் போடுவன். வாற ஞாயிறுதான் பெரிய விசயம். மகள் அற்புதராணி பூசையிலை தனியப் பாட்டுப் படிக்கிறாள். முதல் தரம். போன வரியம் கூட்டத்தோடை படிச்சவள், அப்ப என்னட்டைப் பற்றறி இல்லை. வாய் அசையிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அவளின்ரை குரல் எப்பிடியெண்டு நீர் என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

— அப்ப உங்களுக்கு ஞாயிறு. எனக்குத் திங்கள்.

— திங்கள் என்ன?

— இஞ்சை பொறுப்பா இருக்கிற சண்முகநாதன் ஐயா சொல்லிப்போட்டார். திங்கட்கிழமை காலமை நான் வந்து, நானே சுவிச்சைப் போட்டு, ஒருதரையும் கூப்பிடாமல் வேலை தொடங்கவேணும். இல்லாட்டில் கண் தெரிஞ்ச ஆளை எடுக்கிறதாம்.

— நேரை அப்பிடியே சொன்னவர்?

— அவர் நல்ல மனிசன். நல்ல மனிசர் நேரை சொல்லமாட்டினம். 'ஒரு கதிரைக்கு ரெண்டு ஆளை வைச்சிருக்கேலாது பிள்ளை' எண்டவர். அதிலை பிழையும் இல்லை. பத்மாவதி இருக்கும்வரை அவள் காலமை திரையைப் பாத்து, கேக்கிறதை அடிச்சு, மிசினை எழுப்பிவிடுவாள். அவள் கலியாணம் கட்டிப் பருத்தித்துறைக்குப் போட்டாள். இப்ப ஒவ்வொரு காலமையும் நான் ஆரிட்டையாவது கண் இரவல் கேக்கிறன். நேற்று முத்துக்குமாரு அண்ணையிட்டை. மனிசன் ஜெனரேற்றர் இழுத்த எண்ணெய்க் கையோடை வந்து, 'எந்தப் பொத்தான் பிள்ளை, இந்தப் பொத்தானோ பிள்ளை' எண்டு நிக்க, முன்னாலை கதிரையிலை ஒரு அம்மா இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறா.

— எந்த அம்மா?

— மகனைக் காணேல்லை எண்டு கடிதம் எழுத வந்தவ. இஞ்சை வாறவை எல்லாரும் அப்பிடித்தானே. அவை தமிழிலை சொல்லச் சொல்ல நான் இங்கிலீசிலை அடிக்கிறன். அதுக்குக் கண் வேண்டாம், காது காணும். முந்தி அரசாங்கக் கச்சேரிக் கந்தோரிலை ரைப் அடிச்சுப் பழகின விரல், கண் போனது அதுக்குத் தெரியாது. ஆனால் ஒரு மிசினை எழுப்பவே ஆள் பிடிக்கிற என்னிட்டை அந்த அம்மா எந்த நம்பிக்கையிலை தன்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லுவா? சொல்லுங்கோ.

— ம்.

— சொன்னவ. ஆனால் கனநேரம் யோசிச்சுத்தான் சொன்னவ.

— சரி. இண்டைக்கு இதை ஒரு கை பாப்பம். மூடியைக் கழட்டுறன். எனக்கு ஒருக்கா முதலிலையிருந்து சொல்லும். இதுக்குள்ளை ரெண்டு டிஸ்க் கிடக்குது, என்ன?

— ஓம். மூத்தவன் மிசினோடை வந்தவன். இளையவனை எரிஞ்சுபோன கந்தோர் ஒண்டிலையிருந்து எடுத்துப் பேந்து பூட்டினது. எழுப்புற கட்டளை மூத்தவனிலை. அவன் எழும்பின உடனை இளையவனைத் தட்டி எழுப்புவான். எழுதிற புரோகிராமும் கடிதங்களும் இளையவனிலைதான். தோட்டத்துக்குத் தண்ணி மாறுற மாதிரி, அண்ணை. முதல் பாத்தி நிறையவேணும், பிறகு வரம்பை வெட்டி ரெண்டாம் பாத்திக்கு விடவேணும்.

— உமக்குத் தோட்டம். எனக்கு ஒரு கயித்திலை கட்டின ரெண்டு வள்ளம். முன்வள்ளம் இழுத்தால் பின்வள்ளம் வரும்.

— எப்பிடியெண்டாலும் சரி. இவங்கள் ரெண்டு பேரும் எந்த வகை எண்டு மிசினுக்கு ஆளுக்கொரு நம்பர் சொல்லவேணும். நம்பர் தெரியாட்டில் உள்ளுக்கு விடாது.

— எங்கடை ஊர்க் கிணத்தடி மாதிரி. நீர் என்ன ஆள் எண்டு கேட்டுப்போட்டுத்தான் வாளியைத் தருமாக்கும்.

— நான் வகை எண்டு சொன்னன், அண்ணை.

— நானும் வகையைத்தான் சொன்னன், தங்கச்சி. கோவிக்காதையும். நீர் எனக்கு வந்த உடனை தேத்தண்ணி தந்தனீர், அதே கோப்பையிலை நீரும் குடிச்சனீர். நான் பாத்தனான்.

— எனக்கு எந்தக் கோப்பை ஆரின்ரை எண்டு தெரியாது.

— அதுதான் சொல்லுறன், உம்மைக் கோவிக்கேலாதெண்டு. பொறும்... இந்த நாடா வயர் இறுக்கமாத்தான் கிடக்குது. இளையவன் எண்டு காட்டுற சின்னக் கட்டையும் சரியான இடத்திலை. ரெண்டு பேருக்கும் கரண்ட் போகுது. இதுகளிலை ஒரு பிழையும் இல்லை. அப்ப நம்பர் எங்கை தங்குது?

— உள்ளை ஒரு சின்ன நினைவு இருக்குதாம். கரண்ட் இல்லாத நேரம் அதுக்கு உயிர் குடுக்கிறது ஒரு பற்றறிப் பெட்டி. கரண்ட் இருந்த காலத்திலை ஒருதருக்கும் தெரியேல்லை. இப்ப முத்துக்குமாரு அண்ணை பின்னேரம் ஜெனரேற்றரை நிப்பாட்டினால் காலமை இதுக்கு ஒண்டும் ஞாபகமில்லை.

— பற்றறிப் பெட்டி... இஞ்சை கிடக்குது. மாதாவே! இதென்ன, பற்றறியோ, பாசிபிடிச்ச சிப்பியோ? பச்சை பூத்து ஒழுகிக் கிடக்குது.

— அது நாலையும் முத்துக்குமாரு அண்ணை வெயிலிலை காயவைச்சவர். பேந்து உப்புத் தண்ணியிலை அவிச்சவர்.

— அவிச்சவரோ? மரவள்ளிக்கிழங்கே அவிக்கிறதுக்கு?

— பழிக்காதையுங்கோ. அவிச்ச அண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும் ஞாபகம் வைச்சிருந்தது. சாப்பிட்டு வர எழும்பி நிண்டது. இரவைத்தான் தாண்டேல்லை.

— ...

— என்ன அண்ணை, சத்தத்தைக் காணேல்லை?

— யோசிக்கிறன். நாலு பற்றறி. பென்ரோச் அளவு.

— எனக்குத் தெரியும். அதுதான் சண்முகநாதன் ஐயாவும் கையை விரிச்சவர். இல்லாத சாமானுக்கு நீங்கள் என்ன செய்வியள்? மூடியைப் பூட்டுங்கோ. வந்ததே பெரிய உபகாரம்.

— பொறும். வெளியிலை சைக்கிளிலை என்ரை சாமான் பை கிடக்குது. அதுக்குள்ளை பழைய றேடியோ ஒண்டு. ஒருக்காப் போட்டு வாறன்.

— ஆறுதலா வாங்கோ. நான் எங்கை போகப்போறன்.

— மீனாம்பிகை! கிடைச்சிட்டுது!

— என்ன கிடைச்சது?

— பற்றறி! நாலு! திருத்தத் தந்திட்டு ஆரோ கனடா போனவை, றேடியோவும் கிடக்குது, அதுக்குள்ளை பற்றறியும் கிடக்குது! புத்தம் புதுசு!

— உண்மையாவோ? ஒழுகேல்லையோ? தாங்கோ, தடவிப் பாப்பம்... ஐயோ, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. அண்ணை, நீங்கள் ஏன் இப்பிடிக் கத்துறியள்?

— என்ன?

— ஏன் கத்துறியள் எண்டு கேட்டன்.

— ஜெனரேற்றர் சத்தம்! என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை! இந்தாரும், பூட்டியாச்சு, மிசினைப் போடுறன். திரையிலை நம்பர் கேக்குது. இஞ்சாலை திரும்பும். முகத்தைக் காட்டி ஆறுதலாச் சொல்லும்.

— மூத்தவனுக்கு ரெண்டு.

— ரெண்டு. அடுத்தது?

— இளையவனுக்குப் பதினேழு.

— சரி. அடிச்சாச்சு. இனி இதை நிப்பாட்டுறன். முழு ஊமையா இருக்கவேணும், கரண்ட் ஒரு சொட்டும் வரக்கூடாது. ஜெனரேற்றரையும் நிப்பாட்டச் சொல்லும்.

— முத்துக்குமாரு அண்ணை! நிப்பாட்டுங்கோ!

— நிப்பாட்டிறன் பிள்ளை! எண்ணெயும் அடிக்கு வந்திட்டுது. ஒருக்காத்தான் திருப்பி ஓடும், சொல்லிப்போட்டன்!

— ஒருக்காக் காணும்.

— இனிக் கொஞ்ச நேரம் விட்டுப் பாப்பம்! மறக்கிறதெண்டால் மறக்கட்டும்!

— அண்ணை, ஜெனரேற்றர் நிண்டு கனநேரம். இன்னும் கத்துறியள்.

— ஓ. பழக்கம். கடலிலை கதைச்ச வாய்.

— எவ்வளவு அமைதியாக் கிடக்குது, என்ன? யன்னலைத் திறந்துவிடுறன். வெங்காயம் பிடுங்கியிருக்கினம் போலை, மணம் வருது... அண்ணை, ஒண்டு சொல்லட்டே? இதை நான் ஒருதருக்கும் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு குண்டு விழுந்து யன்னல் கண்ணாடி கண்ணிலை பட்டதெல்லோ, அதுக்குப் பிறகு எல்லாரும் கேக்கிறவை, பழகிப்போச்சோ எண்டு. ஓம் எண்டு சொல்லுறனான். பொய். பகலிலை பழகிப்போச்சு. காலமையிலை இல்லை. ஒவ்வொரு காலமையும் எனக்கு மறந்துபோகுது. நித்திரையாலை எழும்பிக் கண்ணைத் திறக்கிறன். ஏன் இன்னும் விடியேல்லை எண்டு நினைக்கிறன். கோழி கூவிக் கேக்குது, விளக்குமாத்தாலை முத்தம் கூட்டிற சத்தம் கேக்குது, பிறகுதான் ஞாபகம் வருது. ஒவ்வொரு நாளும் புதுசா வருது. இந்த மிசின் ரெண்டு தரம் கூவேக்கையெல்லாம் எனக்கு அதிலை கோவம் வாறேல்லை. அதை எப்பிடியாவது எழுப்பிவிடவேணும் எண்டுதான் வரும்.

— ...

— நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருந்தது நல்லது, அண்ணை. வேறை ஆரும் எண்டால் உடனை ஆறுதல் சொல்ல வெளிக்கிட்டிருப்பினம்.

— ...

— பிள்ளை! இழுக்கட்டோ?

— ஓம், இழுங்கோ முத்துக்குமாரு அண்ணை. அண்ணை, சுவிச்சை நான் போடுறன். கையை எடுங்கோ... ஒரு கூவல். கேட்டியளே? ஒண்டுதான்! மூத்தவன் சுத்துறான். கிர்... எண்டு தேடுறான். இனி இளையவன்... ஐயோ. டக், டக் எண்டு தலையை அடிக்கிறான். பாருங்கோ, திருப்பியும் கூவுது.

— ரெண்டாவது டிஸ்க் பிழை எண்டு எழுதுது. ஆனால் பொறும், நம்பர் ரெண்டும் அப்பிடியே நிக்குது! மறக்கேல்லை! பற்றறி வேலை செய்யுது, தங்கச்சி! பிழை வேறை எங்கையோ.

— இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பத்மாவதி ஒருநாள் கலியாண யோசினையிலை பிழையான நம்பர் அடிச்சவள். அண்டைக்கும் இப்பிடித்தான் தலையை அடிச்சவன். இளையவனுக்கு என்ன போட்டனீங்கள்?

— ...

— செபநாயகம் அண்ணை. உங்களைத்தான். இளையவனுக்கு என்ன நம்பர் போட்டனீங்கள்?

— நான் வயரைப் பாத்துக்கொண்டு நிண்டனான். என்ன கேட்டனீர்? இஞ்சாலை திரும்பிக் கேளும்.

— இளையவனுக்கு என்ன நம்பர்?

— நீர் சொன்ன நம்பர்தான். பதினெட்டு.

— நான் பதினேழு எண்டெல்லோ சொன்னனான்.

— அதைத்தானே நானும் போட்டிருக்கிறன். பதினெட்டு.

— ஏழு, அண்ணை.

— ஓம். எட்டு.

— ஏழு! ஏழு!

— நான் இல்லையெண்டு சொன்னனானே? திரையிலை வடிவாக் கிடக்குது. ஒண்டு, எட்டு.

— கிழமைக்கு எத்தினை நாள்?

— கிழமைக்கு ஏழு... அட! ஏழோ! பதினேழோ! பாத்தீரே, எவ்வளவு சின்னப் பிழை. இந்தா, மாத்தியாச்சு. பதினேழு. இப்ப அவன் தலையை அடிக்கமாட்டான். ஏன் பேசாமல் நிக்கிறீர்?

— உங்கடை பொக்கற்றிலை குருவியின்ரை சத்தத்தைக் காணேல்லை.

— என்ன?

— நான் யன்னல் பக்கம் திரும்பிறன். அண்ணை, உங்கடை காலடியிலை பாம்பு.

— ...

— பெரிய பாம்பு, அண்ணை. புடையன்.

— ...

— செபநாயகம் அண்ணை. இப்ப உங்கடை பக்கம் திரும்பியிருக்கிறன். என்ரை வாயைப் பாக்கிறியளே?

— ஓம், ஓம். சொல்லும்.

— ஏழும் எட்டும் வாயிலை ஒரே மாதிரி இருக்கும் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். கனடாக்காரரின்ரை றேடியோ எங்கை? எடுத்து என்ரை கையிலை தாங்கோ. தாங்கோவன். என்ன, இல்லையோ?

— தங்கச்சி, ஒருக்காக் கணக்கைக் கேளும். நாலையும் ஒண்டொண்டாப் போட்டாலும் என்ரை காது மாரி மழையைக் கூடக் காணாது. உம்மடை மிசின் எறும்பு குடிக்கிற அளவுதான் குடிக்கும். அதே நாலும் அதுக்குள்ளை வரியக்கணக்கிலை நிக்கும். ஒரு சாமான் எங்கை கனநாள் உழைக்குமோ அங்கைதானே வைக்கவேணும்? இது றேடியோ திருத்திற எவனும் சொல்லுவான்.

— ஞாயிற்றுக்கிழமை?

— ஞாயிற்றுக்கிழமை வாயைப் பாப்பன். போன வரியமும் பாத்தனான். அவள் படிக்கேக்கை கழுத்திலை ஒரு நரம்பு எழும்பும். அதைப் பாத்தால் சுருதி தெரியும்.

— ஏழையும் எட்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாத கண்ணாலை சுருதி பாக்கப்போறியளோ? நான் உங்களிட்டை மிசினைத் திருத்தத்தான் கேட்டனான், அண்ணை. இதைக் கேக்கேல்லை. கேட்டு வாங்கினால் கடமை எண்டு வைச்சிருக்கலாம். கேக்காமல் தந்தால் நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது? மூடியைத் திறவுங்கோ. திறந்து எடுங்கோ. என்ன? மறுமொழியைக் காணேல்லை? முகத்தை அங்காலை திருப்பிப்போட்டியள், என்ன? எனக்குத் தெரியும். நான் கத்தினாலும் உங்களுக்குக் கேளாது, நீங்கள் ஒளிச்சாலும் எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறியள். கையைத் தாங்கோ... இது ஆரின்ரை சட்டைக் கை? உங்கடைதானே? இஞ்சை திரும்புங்கோ!

— விடும், விடும். சட்டை கிழியப்போகுது. பாக்கிறன். சொல்லும்.

— ஒண்டை எடுத்துக் காதிலை போடுங்கோ. மிசினுக்கு மூண்டு புதுசு, முத்துக்குமாரு அண்ணை அவிச்சதிலை ஒண்டு.

— ஒரு செத்தது கிடந்தால் மற்ற மூண்டையும் அது இழுத்துப்போடும்.

— இழுத்தால் இழுக்கட்டும். நாளைக்கு இழுக்குமோ? இல்லைத்தானே. திங்கள் தாண்டினால் காணும் எனக்கு. ஒரு கிழமை நான் தனிய எழுப்பிக் காட்டினால் பேந்து சண்முகநாதன் ஐயா என்னைப் போகச் சொல்லமாட்டார். அந்த ஒரு கிழமை காணும்.

— காணாது.

— காணும். இல்லாட்டில் நான் திங்கட்கிழமை வரமாட்டன். சத்தியமா வரமாட்டன். பிறகு உங்கடை நாலு பற்றறியும் ஆருக்கு எண்டு பாருங்கோ.

— விசரி.

— ஓம். அதை நல்லா வாசிச்சியள் என்ரை வாயிலையிருந்து. செய்யுங்கோ. இப்ப மிசின் ஓடிக்கொண்டுதானே கிடக்குது, ஓடேக்கை மாத்தினால் மறவாது.

— சரி... சரி. சரி எண்டு சொன்னனெல்லோ. மூடியைத் திறக்கிறன். கேக்குதே?

— கேக்குது.

— இந்தா, ஒண்டைக் கழட்டிறன். இந்தா, பழசிலை நல்லதைப் பாத்துப் போடுறன். பெட்டியைப் பூட்டியாச்சு. என்ரை காதையும் போடுறன்... ஆ. ஆகா. இப்ப ஜெனரேற்றர் இருமுறதும் கேக்குது.

— குருவி கத்தேல்லையே?

— ...

— அண்ணை?

— ஆ? வயரைக் காதிலை இறுக்கிப் போட்டிருக்கிறன். இனிக் கத்தாது. ஜெனரேற்றரைப் பாத்தீரே, தானா நிக்கப்போகுது!

— தானா நிண்டிட்டுது, அண்ணை. இப்பதான்.

— பிள்ளை! எண்ணெய் முடிஞ்சுது! குடத்தைக் கவிட்டு ஊத்தி ஒருக்கா இழுத்துப் பாக்கிறன். ஓடினால் ஒரு நிமிசம்தான், சொல்லிப்போட்டன்!

— ஒரு நிமிசம் காணும், முத்துக்குமாரு அண்ணை. நான் சுவிச்சிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறன். இழுங்கோ!

— தங்கச்சி, இழுக்கிறார் போலை. வெளிச்சம் வந்திட்டுது.

— போடுறன்... ஒண்டு. ஒருக்காத்தான் கூவினது. மூத்தவன்... தேடுறான்... தேடுறான்... இளையவன். சுத்துறான், அண்ணை. தலையை அடிக்கேல்லை. மெதுவா, நித்திரையாலை எழும்பிக் கொட்டாவி விடுற மாதிரிச் சுத்துறான். வந்திட்டுதோ? எழுதிற பக்கம் வந்திட்டுதோ? சொல்லாதையுங்கோ! நானே பாக்கிறன். பொத்தானை அமத்தினால் ஒரு சின்னச் சத்தம் வரும்... வந்திட்டுது. வந்திட்டுது, அண்ணை. நான் ஒருதரையும் கூப்பிடேல்லை.

— கண்டீரே! பழசு ஒண்டோடையும் வேலை செய்யுது! நான்தான் வீணாப் பயந்தன்.

— ஓம். வேலை செய்யுது.

— அப்ப நான் வெளிக்கிடட்டே? பொழுதுபடமுந்திக் குருநகர் போய்ச் சேரவேணும். லூர்த்தம்மா தேடுவா.

— பொறுங்கோ. போறதுக்கு முதல் உங்கடை காதை ஒருக்காச் சோதிக்கவேணும்.

— என்னையோ? சோதியும், சோதியும். எப்பிடி?

— சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு ஒண்டு கேப்பன். நீங்கள் மறுமொழி சொல்லவேணும்.

— ஏழோ எட்டோ எண்டு பிடிக்கப்போறீர். எனக்குத் தெரியாதே? கேளும்.

— வாயைப் பொத்தியாச்சு. அண்ணை, ஞாயிற்றுக்கிழமை அற்புதராணி படிக்கிறது உங்களுக்குக் கேக்குமோ?

— பதினேழு! பாத்தீரே, இந்த முறை எட்டில்லை. வடிவா ஏழு!